நெல்லு மண்ணு

கன்றைப் பிடுங்க மம்பட்டி தேவைப்படவில்லை. தண்டைப் பிடித்து லேசாக ஆட்டியதும் கையோடு வந்துவிட்டது. 2021 டிசம்பர் முதல் வாரம் அது. நவம்பர் முழுக்க மழை. கீழ்த்தோட்டத்தில் தென்னை வரிசைகளுக்கு நடுவே ஜூனில் நட்ட முந்நூறு கோகோக் கன்றுகளில் பாதிக்கு மேல் இலை தொங்கி நின்றன. தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடியும் அப்படித்தான் நிற்கும். மழை விட்டு நாலைந்து நாள் ஆகி மேல்மண் வெளுத்திருந்ததால், முதல் நாள் நான் செய்த காரியம் சொட்டுநீரைத் திறந்துவிட்டது. எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது.

வேரைப் பார்த்தேன். ஆணிவேர் ஒன்றரை அடி வரை நேராக இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு முழங்கையை மடக்கியதுபோல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. திரும்பிய இடத்திலிருந்து நுனி வரை கறுப்பு. விரலால் உருவியபோது தோல் தனியாக வழுக்கிக்கொண்டு வந்தது. முகர்ந்தால் சாக்கடை வாடை.

அப்பா பின்னால் நின்றிருந்தார்.

"அது நெல்லு மண்ணுன்னு அன்னைக்கே சொன்னனே சாமி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கை ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னார்.

சொல்லியிருந்தார்தான். ஆறு மாதத்துக்கு முன்னால், இதே இடத்தில், இதே சொற்களில். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

*

எங்கள் ஊர் ஆனைமலைக்கும் வேட்டைக்காரன்புதூருக்கும் இடையில். பொள்ளாச்சிப் பக்கம் என்றாலே எல்லோருக்கும் தென்னைதான் ஞாபகம் வரும். ஆனால் ஆழியாற்றுத் தண்ணீர் பாய்கிற பழைய ஆயக்கட்டில் தாத்தா காலத்தில் நெல்தான். நடவுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாகி, ஒவ்வொரு வயலாகத் தென்னைக்குப் போனது. எங்கள் கீழ்த்தோட்டமும் அப்படி மாறிய வயல்தான். பேர் தோட்டம் என்றாகிவிட்டது. பெரிய மழை பெய்தால் மட்டும் பழைய வரப்புகளின் தடம் கோடு கோடாகத் தெரியும்.

மேட்டில் இருக்கிற இரண்டு ஏக்கர் மேல்காடு. செம்மண். கடலையும் சோளமும் விளைந்த பூமி. போர் போட்ட பிறகு அங்கேயும் தென்னை வைத்தார்கள். ஆனால் மரம் மெலிவு, காய் சிறுசு. வீட்டில் யாராவது கோபித்துக்கொண்டால் "இவன் ஒருத்தன் மேல்காடாட்டம்" என்று சொல்கிற அளவுக்கு அதற்கு மதிப்பு.

2020 ஊரடங்கில் பெங்களூரிலிருந்து ஒரு லேப்டாப்போடும் இரண்டு பேன்ட்டோடும் வந்தேன். வீட்டுத் திண்ணையிலிருந்தே கம்பெனி வேலை. சாயங்காலம் தோப்பில் நடை. நடக்க நடக்கத்தான் தோப்பின் நிலைமை தெரிந்தது. 2016-17 வறட்சியில் பட்டுப்போன மரங்களின் இடம் இன்னும் காலியாகக் கிடந்தது. அதே 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம்தான் இந்தியாவில் முதன்முதலாகச் சுருள் வெள்ளை ஈயைக் கண்டுபிடித்தார்கள். அது வந்த தோப்புகளில் மட்டையெல்லாம் கரி பூசியது போல ஆகிவிட்டிருந்தது. தென்னையை மட்டும் நம்பினால் ஆகாது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கோகோவைப் பிடித்துக்கொண்டேன்.

காரணம் எளிமையானது. தென்னைக்குத் தென்னை இருபத்தைந்து அடி. நடுவில் இருக்கும் இடம் சும்மா கிடக்கிறது. கோகோ நிழலில் வளர்கிற மரம். இவர்கள் இருவரையும் சேர்த்து வைத்தால் என்ன? ஆனைமலைப் பக்கம் ஏற்கெனவே பல தோப்புகளில் கோகோ நிற்கிறது. இந்த மரம் தமிழ்நாட்டுக்கு வந்தும் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அம்போய்னா தீவிலிருந்து கொண்டுவந்து குற்றாலத்தில் வைத்தார்கள். இந்தியாவில் கோகோ வந்து இறங்கிய முதல் இடம் அதுதான் என்கிறார்கள். ஆனால் பயிராகப் பரவியது 1970-களில், கேரளத்தில். 80-களின் தொடக்கத்தில் விலை விழுந்ததும் நிறையப் பேர் வெட்டி எறிந்தார்கள். அப்பாவுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. "வாங்க ஆளில்லாம மரத்துலயே அழுக உட்டாங்க" என்றார். அதற்கு மேல் தடுக்கவில்லை. அம்மா சீட்டு எடுத்துத் தந்தார். கன்று, குழி, கூலி, சொட்டுநீர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது. இது நன்றாக வந்தால் வேலையை விட்டுவிடலாம் என்று நான் ஒரு ராஜினாமாக் கடிதம்கூட அடித்து வைத்திருந்தேன்.

இருந்தது ஒரே கேள்வி. எங்கே நடுவது?

*

நான் படித்தவன். மண் பரிசோதனை செய்தேன். ஒரு ஏக்கரில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் 'வி' மாதிரி ஒரு சாண் ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பங்கைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோவைப் பையில் கட்டிக் கொடுத்தேன். கீழ்த்தோட்டத்துக்கு ஒரு பை, மேல்காட்டுக்கு ஒரு பை. சில வாரத்தில் இரண்டு அட்டைகள் வந்தன.

கீழ்த்தோட்டம்: கார அமில நிலை 6.8. அங்ககக் கரிமம் 0.9 சதவீதம், 'அதிகம்'. மேல்காடு: 7.4. கரிமம் 0.4, 'குறைவு'. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அதுபோக என்னிடம் இன்னொரு சாட்சியும் இருந்தது. கீழ்த்தோட்டத்தில் தென்னை கும்மென்று நிற்கிறது. தென்னை வருகிற மண்ணில் கோகோ வராதா?

அட்டையை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். தோட்டத்துக்குப் போய் ஒரு கட்டியை எடுத்து உடைத்தார், உடையவில்லை, நசுங்கியது. "அது நெல்லு மண்ணு சாமி" என்றார். எங்கள் வீட்டில் நெல்லு என்ற சொல்லுக்கு இருந்த மரியாதை எனக்குத் தெரியும். தாத்தா அந்த மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பார் என்று கதை உண்டு. அதனால் எனக்கு அது "பொன்னு வெளையுற மண்ணு" என்று சொன்னது மாதிரியே கேட்டது. அப்பாவும் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. மகன் தாளோடு வந்து நிற்கும்போது அவர் என்ன சொல்வார்?

பிறகு ஒருநாள் அந்த அட்டையோடு வந்த வழிமுறைத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். மரப்பயிர் வைப்பதாக இருந்தால் ஓரடி, இரண்டடி, மூன்றடி என்று ஆழவாரியாகத் தனித்தனியே மண் எடுக்க வேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது. நான் எடுத்தது கடலைக்கும் சோளத்துக்கும் எடுக்கிற மண். ஒரு சாணில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஐந்தடிக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

*

கோகோவின் பூர்வீகம் மேல் அமேசான் காடு. பெரிய மரங்களின் காலடியில், நாள் முழுக்க வெயில் படாத இடத்தில், மண் ஒருநாளும் வெறுமையாகக் கிடக்காத இடத்தில் பிறந்த சின்ன மரம். அதன் ஆசைகளை எல்லாம் அங்கேயிருந்து பார்த்தால் புரிந்துகொள்ளலாம். சாப்பாட்டுக்கான வேர்கள் பெரும்பாலும் மேல் முக்கால் அடிக்குள்ளேயே படர்ந்துகொள்ளும், ஏனென்றால் காட்டில் சாப்பாடு மேலேதான் விழுகிறது. ஆணிவேர் மட்டும் தண்ணீருக்கும் பிடிமானத்துக்கும் கீழே போகும். அதற்கு ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி, தடை இல்லாத மண் வேண்டும். பாறை கூடாது, கெட்டித் தட்டு கூடாது, தேங்கி நிற்கிற தண்ணீர் கூடாது. கார அமில நிலை 5-லிருந்து 7.5 வரை தாங்கும், 6.5 பக்கம் இருந்தால் சந்தோஷம். மேல் பதினைந்து சென்டிமீட்டரில் மக்கு 3.5 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு.

இந்தக் கடைசி எண்ணில் நான் இன்னொரு முறை தோற்றேன். அட்டையில் போடுவது கரிமம். அதை மக்காக மாற்ற ஏறக்குறைய 1.72-ஆல் பெருக்க வேண்டும். என்னுடைய 0.9 'அதிகம்' பெருக்கினால் ஒன்றரைதான் வருகிறது. வயல் பயிருக்கு அது அதிகம். காட்டு மரத்துக்கு அது பாதிக்கும் குறைவு.

தண்ணீர் விஷயத்தில் கோகோ கொஞ்சம் அடம்பிடிக்கிற ஜாதி. ஈரம் வற்றவும் கூடாது, நிற்கவும் கூடாது. மணல் மண்ணில் வெயில் காலத்தில் இலையை உதிர்த்துவிடும். களிமண்ணில் மழைக் காலத்தில் மூச்சு முட்டிச் சாகும். வேருக்கும் காற்று வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அதற்குக் கறுத்த வேரின் வாடை என்ன என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

தென்னைக்கு ஆணிவேரே கிடையாது. அடியிலிருந்து ஆயிரக்கணக்கில் கயிறு கயிறாகப் பக்கவாட்டில் ஓடுகிற வேர்கள் அதற்கு. ஒன்றரை அடிக்குக் கீழே தட்டு இருந்தால் அதற்கு மேலேயே ஓடிக்கொள்ளும். நான் தென்னையைச் சாட்சிக்கு அழைத்தது, பக்கத்து வீட்டுக்காரரின் கால் அளவை வைத்து எனக்குச் செருப்பு வாங்கிய கதை.

பழைய மாயா மக்களிடம் ஒரு விஷயம் படித்து அசந்துபோனேன். மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தின் வடபகுதி வறண்ட சுண்ணாம்புப் பாறை பூமி. மண் கையகலத்துக்கு மேல் இருக்காது. கோகோ வரவே முடியாத இடம். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், பாறை கரைந்து உள்வாங்கிய குழிகளைத் தேடிப் போனார்கள். அந்தக் குழிகளின் அடியில் மண் ஆழமாகச் சேர்ந்திருக்கும், ஈரம் இருக்கும், வெயிலும் காற்றும் நேராக அடிக்காது. அங்கே கோகோ வைத்தார்கள். ஊரெல்லாம் பாறையாக இருக்கும்போது, ஆழம் எங்கே இருக்கிறது என்று நடந்து நடந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு நாலு ஏக்கரில் அதைச் செய்யத் தோன்றவில்லை.

*

கீழ்த்தோட்டத்துக் கன்றுகள் பொங்கலுக்குள் எல்லாம் போய்விட்டன. அம்மா சீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. நான் ராஜினாமாக் கடிதத்தை அழிக்கவில்லை, ஆனால் அனுப்பவும் இல்லை. மறுபடி நடுவதாக இருந்தால் என் சம்பளத்தில்தான் நட வேண்டும்.

அப்பா ஒருநாள் காலையில் கிணறு வெட்டுகிற பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எழுபது தாண்டியவர். எங்கள் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கிணறு அவரும் அவருடைய அப்பாவும் வெட்டியது. போர் வந்த பிறகு கிணறு வெட்டுகிற வேலை போய், கக்கூஸ் குழி வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பேர் சொல்லி "வா, போ" என்பார். அவர் என்னைச் "சின்னவரே" என்பார். இதைச் சின்ன வயதில் நான் கவனித்ததே இல்லை. இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "பெரியவரே" என்று ஒரு மாதிரி சமாளித்தேன்.

முதலில் கீழ்த்தோட்டத்தில் ஒரு குழி. ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஆள் ஆழம். ஒன்றரை அடி வரைக்கும் மண் வெண்ணெய் மாதிரி வந்தது. அதற்குப் பிறகு கடப்பாரை 'ணங்' என்றது. நாலு விரல் கனத்துக்கு ஒரு தட்டு. வெட்டிய முகம் மெழுகினதுபோல் பளபளத்தது. அதைத் தாண்டியதும் சாம்பல் நிறக் களி, அதில் அங்கங்கே துருப் பிடித்த மாதிரிச் சிவப்புப் புள்ளிகள்.

"குழிக்குள்ள எறங்கிப் பாருங்க சின்னவரே. மேல நின்னு பாத்தா எல்லா மண்ணும் நல்ல மண்ணுதானுங்க."

இறங்கினேன். சுவரைத் தடவிக் காட்டினார். அந்தத் தட்டு தானாக வந்ததில்லை. தொழி உழவு. தண்ணீரைக் கட்டி, சேற்றை மிதித்து மிதித்து, வருஷத்துக்கு இரண்டு போகம், எத்தனையோ தலைமுறை. நெல்லுக்குத் தண்ணீர் கீழே இறங்கக் கூடாது. அதற்காக மாட்டுக் காலும் மனுஷக் காலும் சேர்ந்து செய்த தரை அது. தாத்தா காலத்தில் அந்த வயல் பேர் வாங்கியதே தண்ணீர் நிற்கும் என்பதால்தான். சாம்பல் நிறமும் துருப் புள்ளியும் காற்றுப் போகாமல் தண்ணீர் நின்று நின்று மண்ணில் இருக்கிற இரும்பு மாறியதன் அடையாளம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியவர் அதைச் "செத்த மண்ணு" என்றார்.

"தட்ட ஒடச்சு உட்டுட்டு நட்டா?" என்று கேட்டேன்.

"குழிய மட்டும் ஒடப்பீங்க. சுத்தியும் அப்படியேதான இருக்கும்? நாலு பக்கத்துத் தண்ணியும் அந்தக் குழிக்குத்தான் வரும். செடி தொட்டிக்குள்ள நிக்கும்."

நட்டபோது நான் செய்தது அதேதான். ஒன்றரை அடிக் குழி, அதில் நல்ல மண்ணும் எருவும். முந்நூறு தொட்டிகள்.

சாயங்காலம் குழியில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நாலு விரல்கூடக் குறையவில்லை. ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

*

மேல்காட்டில் ஐந்து குழி போட்டோம். இரண்டு ஏக்கர்தான், ஆனால் ஐந்தும் ஐந்து ஊர் மாதிரி இருந்தன.

முதல் குழியில் இரண்டரை அடியில் பாறை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மண் நன்றாகத்தான் இறங்கியது, ஆனால் மூன்றடிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல். பெரியவர் மடியிலிருந்து அரை எலுமிச்சம்பழத்தை எடுத்து அந்த மண்ணில் பிழிந்தார். மெல்லிசாக நுரைத்தது. சுண்ணாம்பு. அப்படிப்பட்ட மண்ணில் இரும்பு இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். 7.4 என்று அட்டையில் வந்த எண் இந்த மூலையும் அந்த மூலையும் கலந்த சராசரி என்பது அப்போதுதான் உறைத்தது. நான்தானே எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கலக்கினேன்.

நாலாவதும் ஐந்தாவதும் பழைய வேப்ப மரத்துக்குக் கிழக்கே. மேலே ஓரடி சரளை கலந்த செம்மண். அதற்குக் கீழே சரளை குறைந்து, கையில் பிடித்தால் பிடிபடுகிற, விட்டால் உதிர்கிற மண். பெரியவர் அதை எச்சில் தொட்டுப் பிசைந்து கட்டைவிரலால் நாடா மாதிரி நீட்டச் சொன்னார். கீழ்த்தோட்டத்துக் களி விரல் நீளத்துக்கு அறுபடாமல் போனது. இது ஒரு கணு நீளத்தில் அறுந்தது. "இவ்ளோதான் வேணும்" என்றார். தண்ணீரைக் கொஞ்சம் பிடித்துவைக்கும் அளவு களி, மிச்சத்தை விட்டுவிடும் அளவு மணல். நாலரை அடி தாண்டி மக்கின பாறை, கடப்பாரை குத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது.

ஐந்தாவது குழியில் நானே இறங்கினேன், அவர் சொல்லாமலே. உள்ளே குளிர்ச்சி. என் கண் மட்டத்தில் புல்லின் அடி. சுவரில் எறும்பு போன துளைகள், மண்புழுவின் குடல்போல் வளைந்த பாதைகள், எப்போதோ செத்த வேர் விட்டுப்போன கறுத்த குழாய்கள். ஐந்தடியில் நூல் கனத்துக்கு ஒரு வேர் இருந்தது. கிள்ளினேன். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. வேம்போ வேறு எதுவோ, அந்த ஆழத்தில் உயிரோடு ஒன்று இருந்தது.

மேலே ஏறுவதற்குப் பெரியவர் கை கொடுத்தார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு மண் தெரிகிறது, சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது என்ற எண்ணம் அப்போது வந்தது. வந்ததைச் சொல்லாமல் கூலியை இருநூறு கூட்டிக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டார். இருநூறு ரூபாயில் தீருகிற விஷயம் இல்லை அது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு ஏக்கரில் கோகோவுக்கு ஆனது முக்கால் ஏக்கர். 2022 ஜூனில் நூற்றைம்பது கன்று நட்டோம்.

*

ஆழம் கிடைத்துவிட்டது. மக்கு கிடைக்கவில்லை. 0.4 சதவீதக் கரிமத்தை வைத்துக்கொண்டு அமேசான் மரத்தை எப்படி ஏமாற்றுவது?

இந்த இடத்தில் கோகோவின் வரலாறு கொஞ்சம் பயமுறுத்தும். கானாவில் 1879-ல் டெட்டே குவாஷி என்பவர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து விதை கொண்டுவந்து நட்டார் என்பார்கள். அங்கேயும் பக்கத்து ஐவரி கோஸ்ட்டிலும் விவசாயிகள் நல்ல மண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? காட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். புதிதாக வெட்டிய காட்டில் மக்கு நிறைய, களை குறைவு, ஈரம் நிற்கும். இருபது முப்பது வருஷத்தில் அது தீரும்போது அதே இடத்தில் மறுநடவு செய்வதைவிட அடுத்த காட்டுக்குப் போவது மலிவு. பிரான்சுவா ருஃப் என்ற பொருளாதார அறிஞர் இதைக் 'காட்டு வாடகை' என்ற கருத்தால் விளக்கினார். காடு சேர்த்துவைத்ததை எடுத்துச் செலவழிப்பது. ஐவரி கோஸ்ட்டில் இன்று காட்டின் பெரும்பகுதி இல்லை. 'கோகோவுக்கு நல்ல மண்' என்று புத்தகத்தில் படிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் மேல் நின்றிருந்த காடு எனக்கு ஞாபகம் வருகிறது.

எங்களிடம் செலவழிக்கக் காடு இல்லை. அதனால் நாங்களே குப்பை சேர்த்தோம். தென்னை மட்டை, பன்னாடை, தேங்காய் மட்டை எல்லாவற்றையும் வரிசைக்கு நடுவில் புதைத்தோம். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கினோம். வாழை வெட்டினால் தண்டைத் துண்டு போட்டு கன்றடியில் பரப்பினோம். கன்று வளர வளர அதுவே இலையைக் கொட்டி மண்ணை மூடியது.

இதில் பெரிய சண்டை அப்பாவோடுதான். எங்கள் பக்கம் தோப்பைக் கூட்டிப் பெருக்கி வைத்திருப்பது கௌரவம். ஒரு மட்டை கிடந்தால் போகிறவர் வருகிறவர் பேசுவார்கள். அப்பா ஐம்பது வருஷமாகச் சருகைக் கூட்டித் தீ வைத்தவர். "தோட்டமா இது, குப்பமேடு" என்று தினமும் திட்டினார். ஒருநாள் நான் இல்லாத நேரத்தில் ஒரு வரிசையைக் கூட்டிக் கொளுத்தியும்விட்டார்.

மூன்றாம் வருஷம் பூ வந்தபோதுதான் சமாதானமானோம். கோகோ கிளை நுனியில் பூப்பதில்லை. தண்டிலேயே, பட்டையைப் பிளந்துகொண்டு, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெள்ளையும் இளஞ்சிவப்புமாக. அதற்குத் தேனீ வராது. கொசுவைவிடச் சின்னதாக ஒரு பூச்சி உண்டு, அதுதான் மகரந்தம் சேர்க்கிறது. அந்தப் பூச்சி முட்டையிட்டு வளர்வது அழுகுகிற சருகிலும் வாழைத் தண்டிலும். நூறு பூவுக்கு ஐந்து காய் பிடித்தாலே பெரிது. அப்பா கூட்டிக் கொளுத்திய வரிசையில் காய் மற்ற வரிசைகளைவிடக் குறைவாகப் பிடித்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம். நான் அதைத் தற்செயல் என்று அவரிடம் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் அவர் குனிந்து சருகை விலக்கி, கீழே இருக்கும் கறுத்த மண்ணைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிவைக்கிறார்.

*

2024 மார்ச் கடைசியில் நியூயார்க் சந்தையில் கோகோ டன் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் தருகிற கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் மழை தாறுமாறாகி, மரங்களில் நோய் பரவி, விளைச்சல் விழுந்ததுதான் காரணம். கேரளத்தில் காய்ந்த கொட்டை கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டது. எங்கள் மரங்களில் அப்போது பூ மட்டும்தான். கீழ்த்தோட்டத்தில் நட்டது பிழைத்திருந்தால் அந்த வருஷம் முதல் காய் பறித்திருப்போம். நானும் அப்பாவும் இதை ஒருமுறைகூடப் பேசியதில்லை. இருவரும் கணக்குப் போட்டோம் என்பது மட்டும் நிச்சயம்.

எங்கள் முதல் அறுவடை 2025-ல். மஞ்சளாகப் பழுத்த காயை உடைத்து, கொட்டையை வெள்ளைச் சதையோடு பெட்டியில் போட்டு, வாழை இலையால் மூடி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளறி, ஆறு நாள் புளிக்க வைத்து, வாசலில் காயப்போட்டோம். காய்ந்த கொட்டை முப்பத்தெட்டு கிலோ. விலை அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. ராஜினாமாக் கடிதம் இன்னும் அந்தக் கோப்பிலேயே இருக்கிறது. அம்மா மட்டும் ஒரு கைப்பிடி கொட்டையை வறுத்து, தோலுரித்து, அம்மியில் அரைத்து, வெல்லம் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். கசந்தது. எல்லோரும் குடித்தோம்.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்து மாமா வந்தார். காய் பிடித்த மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்கும் வைக்க வேண்டும். ஆற்றோரம் மூன்று ஏக்கர் இருக்கிறது, எங்கள் கீழ்த்தோட்டத்துக்கு அடுத்த வயல், தென்னை நன்றாக நிற்கிறது. மண் பரிசோதனையும் செய்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

அப்பா வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"அது நெல்லு மண்ணுங்க மாப்ள" என்றார்.

"பின்ன!" என்று மாமா சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "எங்கய்யன் காலத்துல அந்த வயலுக்கு இருந்த பேரென்ன!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் மம்பட்டியையும் கடப்பாரையையும் எடுத்து வந்தேன். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்பவே என்னத்துக்கு மாப்ள, கன்னு வரட்டும்" என்றார்.

"கன்னு அப்புறம் வரட்டும் மாமா" என்றேன். "இன்னைக்கு ஒரே ஒரு குழி. ஆள் ஆழம். வெட்டிட்டு நீங்களே உள்ள எறங்கிப் பாருங்க."